ஈவ் ஆன்லைன்: ஏமாற்ற அனுமதி உள்ள ஆட்டத்துக்குச் சந்தா கட்டலாமா?

ஈவ் ஆன்லைனில் யாராவது நைசாகப் பேசி உங்கள் கப்பலையும் பணத்தையும் சுருட்டிக்கொண்டால், கம்பெனிக்குப் புகார் எழுதிப் பிரயோஜனமில்லை. ஆட்ட விதிகளுக்குள் நடந்ததுதான், திருப்பித் தருவதற்கில்லை என்று மரியாதையாகப் பதில் வரும். வேறு ஆன்லைன் கேம்களில் கணக்கையே முடக்கிவிடக்கூடிய காரியம் இங்கே அனுமதி பெற்ற தொழில். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் இருக்கும் சிசிபி கேம்ஸ் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி ஆட்டம் இது. 20 வருஷம் தாண்டியும் ஓடுகிறது. சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு. மற்றபடி உலகம் முழுக்க எல்லோரும் 'டிராங்குவிலிட்டி' என்ற ஒரே சர்வரில்தான். கெட்ட பெயர் எடுத்தவர் பக்கத்து சர்வருக்கு மாறி ஒளிந்துகொள்ள இங்கே வழியில்லை.

கிராபிக்ஸ், சண்டை, சுரங்கம் தோண்டுவது பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது ஒரே கேள்வி: மோசடியை அனுமதிக்கும் ஆட்டம், ஏமாறாமல் இருப்பதற்கான கருவிகளையும் ஆட்டக்காரர் கையில் கொடுத்திருக்கிறதா? பாதி கொடுத்திருக்கிறது. சந்தையிலும் ஒப்பந்த ஜன்னலிலும் சர்வர் காட்டும் எண் பொய் சொல்லாது. சாட்டில் மனிதர் எழுதுவதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஈவில் நடக்கும் மோசடியில் பெரும்பகுதி, முன்னதைப் படிக்கவிடாமல் பின்னதை நம்பவைக்கும் வேலைதான்.

ஜிட்டா: முதல் பள்ளிக்கூடம்

ஆட்டத்தின் பெரிய சந்தை ஜிட்டா என்ற நட்சத்திர மண்டலம். அங்கே நான்காம் கோளின் நான்காம் நிலவை ஒட்டி இருக்கும் கால்டாரி நேவி நிலையத்தை '4-4' என்றாலே எல்லோருக்கும் புரியும். அதன் உள்ளூர் சாட்டைத் திறந்தால் கண்ணுக்கு எட்டாத வேகத்தில் விளம்பரம் ஓடும். அதில் பாதிக்கு மேல் தூண்டில்.

மிகப் பழைய தூண்டில் 'இரட்டிப்பு'. ஆட்டத்தின் பணம் இஸ்க். "எத்தனை இஸ்க் அனுப்பினாலும் இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறேன், ஆட்டத்தை விட்டுப் போகிறேன், சொத்தை எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறேன்" என்று வரும். 1 மில்லியன் அனுப்பினால் 2 மில்லியன் நிஜமாகவே வரும். 10 மில்லியன் அனுப்பினால் 20 வரும். அந்தச் சில்லறை, மோசடிக்காரரின் தொழில் முதலீடு. நூறு மில்லியனோ ஒரு பில்லியனோ அனுப்பும் நாளில் பதில் வராது. கூடவே "எனக்கு வந்துவிட்டது, நன்றி" என்று சாட்டில் எழுதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களும் அதே ஆளின் மாற்றுக் கதாபாத்திரங்களாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் விழுகிறவர்களுக்காக வருத்தப்படலாம், கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. பணம் அனுப்பும் ஜன்னலில் 'திருப்பித் தரப்படும்' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

ஒப்பந்த மோசடி இதைவிட நுணுக்கமானது. ஆட்டத்தில் பொருளைச் சந்தை வழியாகவும் விற்கலாம், தனி ஒப்பந்தம் போட்டும் விற்கலாம். சந்தையில் பொருளின் வகையைச் சர்வரே நிர்ணயிக்கிறது; நீங்கள் தேடிய பொருள்தான் வரும், பட்டியலில் தெரியும் விலைதான் போகும். ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது, என்ன விலை என்பதைப் போடுகிறவர் முடிவு செய்கிறார். அதனால் எல்லா வித்தையும் அங்கேதான் நடக்கிறது.

ஒரு மாதிரியைப் பாருங்கள். சாட்டில் 'ரேவன் நேவி இஷ்யூ, அவசர விற்பனை, பாதி விலை' என்று ஒரு இணைப்பு. அந்த இணைப்பின் மேல் தெரியும் எழுத்தை அனுப்புகிறவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியும். சொடுக்கினால் ஒப்பந்த ஜன்னல் திறக்கும். உள்ளே சாதாரண ரேவன் கப்பல். இரண்டும் பார்வைக்கு ஒரே உடல், நிறப்பூச்சு மட்டும் வேறு. விலையில் பெரிய வித்தியாசம். கப்பலுக்கு உரிமையாளர் என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் 'ரேவன் நேவி இஷ்யூ' என்றே பெயர் சூட்டியிருப்பார். வகையைக் காட்டும் பத்தியில் உண்மை இருக்கும். பொருளின் மேல் வலது சொடுக்குப் போட்டுத் தகவலைத் திறந்தால் அதுவும் உண்மையைச் சொல்லும். பார்க்காமல் 'ஏற்கிறேன்' அழுத்தினால் முடிந்தது.

தலைகீழ் வகை இன்னும் மோசம். 'வாங்குகிறேன்' என்று விளம்பரம் செய்து, ஒப்பந்தத்தில் நீங்கள் பொருளையும் கொடுத்து மேலே பணமும் கட்டுவதுபோல் அமைத்திருப்பார்கள். அல்லது பில்லியன் என்று சாட்டில் சொல்லிவிட்டு உள்ளே மூன்று பூஜ்யத்தைக் குறைத்திருப்பார்கள். நீங்கள் கொடுப்பது எது, பெறுவது எது என்று ஜன்னல் பிரித்துத்தான் காட்டுகிறது. ஆனால் நீண்ட பட்டியலாக முப்பது நாற்பது பொருள் கேட்கும் ஒப்பந்தத்தில், நடுவில் ஒரே ஒரு விலை உயர்ந்த பொருளைச் செருகிவிட்டால் கண் வழுக்கிக்கொண்டு போகும். பொருள் செய்யத் தேவையான வரைபடமான புளூபிரிண்ட் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: மூலப்படியா, நகலா? நகலில் குறிப்பிட்ட தடவைதான் பொருள் செய்ய முடியும்; மூலப்படியின் விலைக்கு நகலைத் தள்ளிவிடுவது இன்றும் நடக்கிறது.

வழி எளிது. சாட்டில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள். வேண்டிய பொருளை ஒப்பந்தத் தேடலில் நீங்களே தேடுங்கள், வகையைத் திறந்து பாருங்கள், பட்டியலை அப்படியே நகலெடுத்து 'ஜானிஸ்' போன்ற விலை மதிப்பீட்டுத் தளத்தில் ஒட்டிப் பாருங்கள். இவ்வளவும் செய்ய அரை நிமிஷம் ஆகும். 'இன்னும் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுவேன்' என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்த அவசரமே போதும் விலகிப் போக.

கம்பெனி தானே அடைத்த ஓட்டை

சர்வர் காட்டும் எண் பொய் சொல்லாது என்றேன். ஒரு காலத்தில் பொய்க்குப் பக்கத்தில் போன இடம் ஒன்று இருந்தது. 'மார்ஜின் டிரேடிங்' என்ற திறனைக் கற்றவர், கொள்முதல் ஆணை போடும்போது முழுத் தொகையையும் பிணையாக வைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் 25 சதவீதம் குறையும். ஐந்தாம் நிலையில் ஏறக்குறைய 24 சதவீதம் வைத்தால் போதும். மோசடி இப்படி ஓடியது. அரிய பொருள் ஒன்றை 1.5 பில்லியனுக்கு வாங்கத் தயார் என்று சந்தையில் ஆணை நிற்கும். அதே பொருள் 800 மில்லியனுக்கு விற்பனைக்கும் இருக்கும். நடுவில் 700 மில்லியன் லாபம் கண்ணுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு போய் விற்க முயன்றால், ஆணை போட்டவரின் பணப்பையில் மிச்சப் பணம் இருக்காது. ஆணை அப்படியே காணாமல் போய்விடும். விற்றவரும் வாங்குவதாகச் சொன்னவரும் ஒரே ஆள்.

2020-இல் அந்தத் திறனை எடுத்துவிட்டு, முழுத் தொகையையும் பிணையாக வைக்கும்படி சிசிபி மாற்றியது. இந்த மாற்றத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சாட்டில் பொய் சொல்வதை விட்டுவைத்தார்கள், சந்தைப் பலகையில் இல்லாத பணம் இருப்பதுபோல் தெரிவதை நிறுத்தினார்கள். கோடு எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதன் தம்பி இன்னும் உயிரோடிருக்கிறான். கொள்முதல் ஆணைக்குக் 'குறைந்தபட்ச எண்ணிக்கை' என்று ஒன்று வைக்கலாம். நல்ல விலை சொல்லி, ஒரே தடவையில் குறைந்தது 10 விற்க வேண்டும் என்று வைத்துவிட்டு, சந்தையில் 9 மட்டும், வழக்கத்தைவிட அதிகமாகவும் அந்த ஆணையைவிடக் குறைவாகவும் விலை வைத்தால் முடிந்தது. வாங்கிய 9-ஐ அந்த ஆணைக்கு விற்க முடியாது. குறைந்தபட்ச எண்ணிக்கை ஆணைப் பட்டியலிலேயே தனிப் பத்தியாக இருக்கிறது. அந்தப் பத்தி உங்கள் திரையில் தெரிகிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரக்கு ஏற்றுகிறவர் கணக்கு

சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒப்பந்தத்தில் பிணைத்தொகை உண்டு. சரக்கை எடுப்பவர் அந்தத் தொகையை முன்கூட்டியே சர்வரிடம் கட்டுகிறார். சேர்த்துவிட்டால் கூலியோடு திரும்ப வரும், சேர்க்காவிட்டால் ஒப்பந்தம் போட்டவருக்குப் போய்விடும். காகிதத்தில் இரண்டு பக்கமும் பாதுகாப்பான ஏற்பாடு. புதியவர்கள் நல்ல கூலியைப் பார்த்ததும் ஓடிப் போய் எடுப்பார்கள். விழும் குழி இரண்டு.

ஒன்று, சேரவேண்டிய இடம் ஆட்டக்காரர் கட்டிய நிலையமாக இருக்கும். 2016 ஏப்ரலில் வந்த 'சிட்டடெல்' விரிவாக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் நிலையம் கட்டலாம். யாரை உள்ளே விடுவது என்பதும் அவர்கள் இஷ்டம். நீங்கள் வாசல் வரை போவீர்கள், கதவு திறக்காது. கெடு தாண்டும், பிணை அவர் பைக்குப் போகும். இலக்கு கணினி கட்டிய நிலையமா, தனியார் நிலையமா என்பதை எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பிணை சரக்கின் உண்மை மதிப்பைவிடப் பல மடங்கு இருக்கும். வழியில் அவர் கூட்டாளிகளே உங்களைச் சுட்டு வீழ்த்துவார்கள். சரக்கு குப்பைதான், அது எரிந்தால் அவருக்கு நஷ்டமில்லை. பிணை முழுசாகக் கிடைக்கும்.

'பாதுகாப்பான மண்டலத்தில் எப்படிச் சுடுவார்கள்?' என்பது புதியவர் எல்லோரும் கேட்கும் கேள்வி. 0.5 முதல் 1.0 வரை பாதுகாப்பு மதிப்புள்ள மண்டலங்களில் காங்கார்டு என்ற போலீஸ் உண்டு. அது தடுக்காது, தண்டிக்கும். அநியாயமாகச் சுட்டவரின் கப்பல் உறுதியாக அழியும், ஆனால் அதற்குள் கொஞ்சம் நேரம் இருக்கிறது. 1.0-இல் ஏறக்குறைய 6 விநாடி, 0.5-இல் 20 விநாடிக்குக் கிட்டே. விநாடிக்கு 600, 700 சேதம் கொடுக்கும் மலிவான கேடலிஸ்ட் டெஸ்ட்ராயர் ஒன்று அந்த 20 விநாடியில் 12,000 சேதம் செய்துவிடும். கவசம் போடாத சாதாரண சரக்குக் கப்பல் அதற்குள் தூள். பெரிய ஃபிரெய்ட்டருக்கு இருபது முப்பது பேர் சேர்ந்து வருவார்கள்.

வெடித்த கப்பலில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் மிஞ்சுவதற்கு ஏறத்தாழ பாதி வாய்ப்பு. ஆகவே தாக்குகிறவர் போடும் கணக்கு ஒரே வரிதான்: சரக்கின் மதிப்பில் பாதி, தான் இழக்கப்போகும் கப்பல்களின் விலையைவிட அதிகமா? அதிகமென்றால் சுடு. ஒரு கேடலிஸ்ட் போதும் என்கிற கப்பலில் நூறு மில்லியன் சரக்கு ஏற்றுவது, என்னைச் சுடு என்று பலகை மாட்டிக்கொள்வதற்குச் சமம். மதிப்பைப் பிரித்து இரண்டு மூன்று நடையாகக் கொண்டுபோங்கள். கப்பலில் சரக்கு இடத்தைக் கூட்டும் பாகங்களைக் குறைத்து, கவசத்தைக் கூட்டும் பாகங்களைப் போடுங்கள். யூடாமா போன்ற பேர்போன வழிமறிப்பு மண்டலங்களைப் பாதையிலிருந்து ஒதுக்குங்கள். தானியங்கிப் பயணத்தை மறந்துவிடுங்கள்; அது அடுத்த மண்டலத்துக்குத் தாவும் வாசலுக்குச் சில கிலோமீட்டர் முன்னாலேயே கப்பலை இறக்கி, மீதியை ஊர்ந்து போக வைக்கும். சிறிய, விலை உயர்ந்த சரக்குக்கு 'பிளாக்கேட் ரன்னர்' வகைக் கப்பலே சரி. அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று யாராலும் ஸ்கேன் செய்ய முடியாது.

எரிந்தவற்றில் பிரபலமானது 2010-இல் ஜிட்டாவில் வெடித்த கெஸ்ட்ரல். சின்னஞ்சிறு ஃபிரிகேட். உள்ளே 74 பிளெக்ஸ் இருந்தது; சந்தாவாக மாற்றிக்கொள்ளக்கூடிய ஆட்டப் பொருள் அது. அன்றைக்கு ஒரு பிளெக்ஸ் என்றால் ஒரு மாதச் சந்தா. நிஜப் பணத்தில் 1,200 டாலருக்கு மேல். பறிக்க வந்தவர்களுக்கும் கிடைக்கவில்லை, அத்தனையும் எரிந்துபோனது. இப்போது பிளெக்ஸுக்கென்று தனிப் பெட்டகம் இருக்கிறது. அதில் இருக்கும்வரை கப்பல் வெடித்தாலும் ஒன்றும் ஆகாது. வெளியே எடுத்துக் கப்பலில் ஏற்ற எந்தக் காரணமும் இல்லை.

ஆத்திரத்தைக் கிளறி அடிக்கும் வகையும் உண்டு. நீங்கள் வீழ்த்திய எதிரியின் சிதைவிலிருந்து உங்கள் கண்முன்னே ஒருவர் வந்து பொருளை அள்ளுவார். அவர் பெயர் மஞ்சளாகும். சுட உங்களுக்கு உரிமை உண்டு. சுட்ட கணத்திலிருந்து அவருக்கும் உங்களைச் சுட உரிமை வந்துவிடும். போய் வேறு கப்பலில் திரும்பி வருவார், அது சண்டைக்கென்றே கட்டிய கப்பல். சட்டவிரோதமாகச் சுடுவதைத் தடுக்கும் பாதுகாப்புப் பொத்தானைப் பச்சையில் வைத்திருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் நீங்கள் செய்வது சட்டப்படி சரியான காரியம். அள்ளிக்கொண்டு போகட்டும் என்று விடுவதுதான் மலிவு.

நிர்வாகத்தின் சாவிக்கொத்து

இதுவரை சொன்னவை தெரியாதவர் செய்யும் மோசடி. ஈவுக்குப் பெயர் வாங்கித் தந்தது கூட இருந்தே குழி பறிப்பது. ஆட்டத்தில் குழுக்களுக்குக் 'கார்ப்பரேஷன்' என்று பெயர். அவை சேர்ந்தது கூட்டணி. என் பார்வையில் இந்த ஆட்டத்தின் மிக மோசமான பாகம் கார்ப்பரேஷன் நிர்வாக ஜன்னல்தான்.

பொதுக் கிடங்குக்கு ஏழு பிரிவு, பணப்பைக்கு ஏழு பிரிவு. யார் பார்க்கலாம், யார் எடுக்கலாம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் டஜன் கணக்கான டிக் பெட்டிகள் கொண்ட பட்டியல் அது. எந்தப் பெட்டி எந்தக் கதவைத் திறக்கும் என்பது தெளிவாக இல்லை. ஒரு வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும் பிரித்துக் கொடுப்பது இம்சையாக இருப்பதால், அலுத்துப்போய் நம்பிக்கையான ஆளுக்கு 'டைரக்டர்' பதவியையே கொடுத்துவிடுகிறார்கள். டைரக்டர் ஏறக்குறைய எல்லாம் செய்யலாம். பெரிய தொகை வெளியேற இரண்டாவது ஒருவர் ஒப்புதல் தர வேண்டும் என்பதுபோன்ற சின்ன ஏற்பாடுகூட அங்கே இல்லை. இவ்வளவு வருஷத்தில் இதைச் செய்யாதது சோம்பலா, நாடகம் குறைந்துவிடும் என்ற வியாபாரக் கணக்கா என்று சந்தேகப்பட இடமிருக்கிறது.

அதன் விளைவுகள் ஆட்டத்தின் வரலாறாகவே ஆகிவிட்டன. 2005-இல் 'கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப்' என்ற கூலிப்படை, உபிகுவா செராஃப் என்ற கார்ப்பரேஷனுக்குள் ஏறக்குறைய ஒரு வருஷம் ஆட்களை நுழைத்து வைத்திருந்தது. தலைவி மிரியலின் நம்பிக்கையைப் பெற்று, இரண்டாம் இடம் வரை வந்தார்கள். ஒரே நேரத்தில் பல இடங்களில் கிடங்கைக் காலி செய்து, தலைவியின் அரிய போர்க்கப்பலையும் வெடித்தார்கள். போனது சுமார் 30 பில்லியன் இஸ்க். அன்றைய மதிப்பில் 16,500 டாலர் என்று கணக்கிட்டார்கள். அந்த வேலைக்கு அவர்கள் வாங்கிய கூலி 1 பில்லியன்.

2009 பிப்ரவரியில் நடந்தது இதைவிட மலிவு. அன்றைக்கு மிகப் பெரிய சக்தியாக இருந்த கூட்டணி 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்'. அதில் மனம் வெறுத்த டைரக்டர் ஒருவர், எதிரியான கூன்ஸ்வார்முக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் கையில் கூட்டணியை நிர்வகிக்கும் கார்ப்பரேஷனின் சாவி இருந்தது. ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. உறுப்பினர்களை வெளியேற்றி, கூட்டணியைக் கலைத்துவிட்டார்கள். அதோடு டெல்வ் பகுதியின் மீதான இறையாண்மை போனது. இறையாண்மையை நம்பி இயங்கிய பாதுகாப்புக் கருவிகளும் அணைந்தன. கூன்ஸ்வார்ம் அந்தப் பெயரையும் தானே பதிவு செய்துகொண்டது. பழையவர்கள் வேறு பெயரில் எழ வேண்டியிருந்தது.

2017 செப்டம்பரில் 'சர்க்கிள் ஆஃப் டூ' கூட்டணியைக் கவிழ்த்தவர், ஆட்டக்காரர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர். குழுக் கூட்டத்துக்காக ஐஸ்லாந்து போனபோது எதிர்த்தரப்பு ஆட்களோடு பேசினார். அதற்குப் பிறகு கூட்டணியின் பெரிய நிலையங்களை எதிரிக்கு மாற்றினார். கார்ப்பரேஷன் பணமும் போனது. வயிறெரிந்த தலைவர், துரோகம் செய்தவரின் நிஜ விலாசத்தைத் தாருங்கள், கையை வெட்டுகிறேன் என்ற தொனியில் சாட்டில் எழுதினார். நிரந்தரத் தடை விழுந்தது யாருக்கு? கூட்டணியை அழித்தவருக்கு இல்லை, மிரட்டியவருக்கு.

இதற்குப் பயந்து நிர்வாகிகள் செய்யும் தற்காப்பு: புதியவரின் எல்லாக் கதாபாத்திரங்களின் பணவரவு, கடிதங்கள், பழைய குழுக்கள் ஆகியவற்றை அனுமதி பெற்று வெளிச் செயலி வழியாகப் பார்ப்பது. பயன் உண்டு, முழுப் பயன் இல்லை. ஒருவர் இரண்டாவது கணக்கை மறைத்தால் கண்டுபிடிக்க வழியில்லை. கதாபாத்திரத்தைச் சட்டப்படி விலைக்கே வாங்கலாம் என்பதால், பத்து வருஷப் பழைய பெயர் என்பதும் நம்பிக்கைக்கு ஆதாரம் ஆகாது. சின்னக் குழு நடத்துகிறவருக்குச் சொல்லக்கூடியது: பொதுக் கிடங்கில் ஒரு வாரச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள். மிச்சம் உங்கள் தனிக் கிடங்கில் இருக்கட்டும். வார்ம்ஹோல் எனும் மாறிக்கொண்டே இருக்கும் துளைகள் வழியாக மட்டும் போகக்கூடிய மண்டலங்களில் குடியிருப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். மற்ற இடங்களில் நிலையம் உடைந்தாலும் சொத்து கட்டணத்தோடு வேறிடம் போய்ச் சேரும். வார்ம்ஹோலில் அந்த ஏற்பாடு இல்லை, எல்லாம் விண்வெளியில் கொட்டும்.

சேர்க்கிறோம் என்று வருகிறவர்கள்

புதியவரைக் குறிவைக்கும் துரோகம் ஆள்சேர்ப்பு. பெரிய கூட்டணியின் பெயரைச் சொல்லி ஒருவர் இனிக்கப் பேசுவார். நுழைவுக் கட்டணம் கேட்பார். அல்லது, உங்கள் கப்பல்களையெல்லாம் ஒப்பந்தம் போட்டு எங்களிடம் கொடுங்கள், எங்கள் பெரிய கப்பல் எங்கள் பகுதிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்பார். பிணைத்தொகை பூஜ்யம் என்று இருக்கும். அவ்வளவையும் கொடுத்த பிறகு நீங்கள் அந்நியர். உண்மையான குழு எதுவும் சேர்வதற்குப் பணம் கேட்காது. அந்தக் குழுவின் தகவல் பக்கத்தில் எழுதியிருக்கும் பொதுச் சேனலுக்கு நீங்களே போய், இன்னார் உங்கள் ஆளா என்று கேளுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலச் சின்ன 'எல்'லும் பெரிய 'ஐ'யும் திரையில் ஒரே கோடாகத் தெரியும், அதை வைத்தே போலிப் பெயர் படைப்பார்கள்.

முதலீடு வசூலிப்பதும் தொடர்ந்து நடக்கிறது. நம்ம ஊர் சீட்டுக் கம்பெனி மாதிரியேதான்: முதல் சில மாதம் ஒழுங்காக வட்டி வரும், புதிதாகச் சேர்கிறவர் பணத்திலிருந்து. 2006-இல் ஈவ் இன்டர்கேலக்டிக் வங்கி என்ற பெயரில் வசூலித்தவர் 700 பில்லியனுக்கு மேல் எடுத்துக்கொண்டு, பெருமையாக அறிவித்துவிட்டும் போனார். 2011-இல் ஃபேசர் நிறுவனம் ஒரு டிரில்லியனைத் தாண்டியது. ஆட்டத்துக்குள் கடனுக்கோ வைப்புநிதிக்கோ சர்வர் பின்புலத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை என்பதால், வட்டி எவ்வளவு என்று கேட்பதே வீண்.

கம்பெனி கோடு போடும் இடங்கள்

எதையும் செய்யலாம் என்று நினைத்து உள்ளே போகிறவர்களும் அடிவாங்குகிறார்கள். புதியவர்கள் தொடங்கும் மண்டலங்களில் அவர்களை வம்புக்கிழுக்கக் கூடாது. கம்பெனி ஊழியராகவோ தன்னார்வலராகவோ நடிக்கக் கூடாது. கதாபாத்திரம் விற்கும் அதிகாரப்பூர்வச் சந்தையில் மோசடி கூடாது. இஸ்க்கை நிஜப் பணத்துக்கு விற்கவே கூடாது. 2009-இல் இ-பேங்க் என்ற ஆட்டக்காரர் வங்கியின் நிர்வாகி 200 பில்லியன் இஸ்க்கை எடுத்து, 6,300 ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றார். அவரைத் தடை செய்தது பணத்தைத் திருடியதற்காக இல்லை, விற்றதற்காக. 2016 நவம்பரில் சூதாட்டத் தளங்களையும் விதியில் தடை செய்தார்கள். அங்கே சேர்ந்த இஸ்க் நிஜப் பணமாக மாறிக்கொண்டிருந்தது.

மனிதரைத் துன்புறுத்துவதில் கோடு தாமதமாகத்தான் வந்தது. 2012-இல் சிசிபியின் ரசிகர் மாநாட்டு மேடையில், பெரிய கூட்டணி ஒன்றின் தலைவர், தற்கொலை எண்ணத்தில் இருந்த ஒரு ஆட்டக்காரரைக் கேலி செய்து அவரைச் சீண்டும்படி பேசினார். 30 நாள் தடை விதித்தார்கள், ஆலோசனைக் குழுத் தலைவர் பதவியையும் அவர் விட்டார். 2014-இல் இன்னொரு விவகாரம்: சொத்தையெல்லாம் பறித்த பிறகும், திருப்பித் தருவதாக ஆசைகாட்டி, குரல் அழைப்பில் மணிக்கணக்கில் பாடவைத்து, வாசிக்கவைத்து, ஒலிப்பதிவை வெளியிட்டார்கள். ஆட்டத்துக்கு வெளியே நடந்தாலும் துன்புறுத்தல் துன்புறுத்தல்தான் என்று கம்பெனி அதன் பிறகே உரக்கச் சொன்னது. ஆட்டப் பொருளை இழந்தவருக்கு உதவி கேட்க இடமில்லை. உங்கள் மேலோ குடும்பத்தின் மேலோ மிரட்டல் வந்தால் திரைப்பதிவோடு உடனே புகார் அனுப்புங்கள், அதைக் கவனிக்கிறார்கள்.

காசு, நேரம்

இலவசமாக ஆட 'ஆல்ஃபா' நிலை இருக்கிறது, 2016 நவம்பரிலிருந்து. கப்பல்களிலும் திறன்களிலும் வரம்பு உண்டு, ஆனால் மேலே சொன்ன எல்லா மோசடியையும் இலவசமாகவே அனுபவிக்கலாம். சந்தா நிலையான 'ஒமேகா' 2022 மே மாதம் 14.95 டாலரிலிருந்து மாதம் 19.99 டாலருக்கு ஏறியது; இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. இப்போதைய கணக்கில் 500 பிளெக்ஸ் ஒரு மாத ஒமேகா. இஸ்க் சம்பாதித்துச் சந்தையில் பிளெக்ஸ் வாங்கியும் கட்டலாம். ஆனால் புதியவர் அதற்காக உழைக்கும் மணிநேரத்தைக் கணக்குப் பார்த்தால் பகுதிநேர வேலை தேடுவது மேல்.

சர்வர் லண்டனில் இருந்தாலும் நம் பக்க இணைய வேகம் பெரிய தடையில்லை. ஆட்டம் விநாடிக்கு ஒரு தடவைதான் கணக்கிடுகிறது. தினமும் பராமரிப்புக்காகச் சர்வர் நிற்பது இந்திய நேரம் மாலை 4.30. ஐரோப்பியக் குழுக்களின் சண்டைகள் நமக்கு நள்ளிரவில் வரும், அதனால் குழு தேடும்போது ஆஸ்திரேலிய, ஆசிய நேரத்தில் ஆட்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். தமிழில் மெனு கிடையாது. ஒப்பந்தத்தைப் படிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். தோற்றால் மறுபடி தொடங்கிவிடலாம் என்ற ஆட்டத்தில் பழகியவர்கள், மூன்று மாத உழைப்பு ஒரு நண்பன் கையால் போவதைத் தாங்க மாட்டார்கள். விலைப்பட்டியல், கணக்கு, பேரம், மனிதரை எடைபோடுவது இதெல்லாம் பிடித்தவர்களுக்கு இதற்கு ஈடாக இன்னொரு ஆட்டம் கிடையாது. மூன்று மாதம் ஆல்ஃபாவில் ஆடிவிட்டுப் பிறகு சந்தாவைப் பற்றி யோசியுங்கள். பிளெக்ஸை சிசிபியின் சொந்தக் கடையிலோ அது அங்கீகரித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பாதி விலைக்கு இஸ்க் தருகிறோம் என்று தனிச் செய்தி அனுப்புகிறவரிடம் வாங்கினால், அவர் நாணயமாகக் கொடுத்தாலும் கம்பெனி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே செலவழித்திருந்தால் உங்கள் பணப்பை மைனஸில் நிற்கும்.